இடது பின்சக்கரத்து எண்ணெய்

என் மகன் ஜெரோமுடைய பிக்கப் வண்டியின் இடது பின்சக்கரத்தில் ஒழுகிய எண்ணெய்க்கு முட்டிவலியைக் குணமாக்கும் சக்தி உண்டு என்பதை மஞ்சம்பாறையில் முதன்முதலில் கண்டுபிடித்தது ஒரு கோழி. அது என் நாத்தனார் திரேசம்மாளின் கோழி. குஞ்சாக இருந்ததிலிருந்து வலது காலை இழுத்து இழுத்து நடந்த கோழி. வாசலில் நின்ற வண்டிக்கு அடியில் புழு பொறுக்கப் போய், அந்தக் கறுத்த எண்ணெயில் காலை வைத்து, ஒரு நிமிஷம் நின்று யோசித்து, பிறகு தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மூன்று தரம் ஓடியது. ஓடி முடித்துத் திரும்பி வந்து சக்கரத்தைப் பார்த்து ஒருமுறை தலை குனிந்தது. அவ்வளவு நன்றியை அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யாரிடமும் நான் பார்க்கவில்லை.

எண்ணெய் ஒழுகுவது எங்களுக்கு அதற்கு முன்னாலேயே தெரியும். ஜெரோம் தினமும் விடிந்ததும் சௌசௌவும் கேரட்டும் பீன்ஸும் ஏற்றிக்கொண்டு பதினேழு வளைவு இறங்கி அடிவாரத்துச் சந்தைக்குப் போய்வருகிறவன். டயரின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறது என்று கீழ்ப்பிரிவில் பட்டறை வைத்திருக்கும் காஜா பாயிடம் காட்டினான். அவர் விரலால் தொட்டு, மோந்து பார்த்து, "ஆக்சில் சீல் போயிருச்சு தம்பி" என்றார். "உள்ள இருக்கிற ஆயில் வெளிய வந்து பிரேக் டிரம்முக்குள்ள எறங்குது. எண்ணெய் குடிச்ச கட்டை எதைப் பிடிக்கும்? சனிக்கிழமை நிப்பாட்டு, அரை நாள் வேலை, மாத்தி வுட்டுர்றேன்." என் வளையல் அளவுக்கு ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான் விஷயம். ஜெரோமும் சனிக்கிழமை என்று சொல்லிவிட்டு வந்தான். அதற்குள் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது, கோழியும் வந்துவிட்டது.

கோழி ஓடியதைப் பார்த்த திரேசம்மாள், "கோழிக்கே கேக்குதுன்னா எனக்குக் கேக்காதா மதினி" என்று சொல்லிக்கொண்டே குனிய முடியாமல் குனிந்து, தரையில் கிடந்த எண்ணெயை வழித்து முட்டியில் தேய்த்தாள். பதினோரு வருஷமாகப் படியேற முடியாத பொம்பளை, பதினோரு வருஷமாகப் பூசைக்கு வந்தால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தபடியே சிலுவை போட்டுக்கொண்ட பொம்பளை, குணமானதும் கோயிலுக்குப் போகவில்லை. நேராகப் போய்க் கொல்லைச் சுவரில் ஏறி நின்று, அந்தப் பக்கத்து வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று பார்த்தாள். "கருவாடு" என்று எங்களுக்கு அங்கிருந்தே அறிவித்தாள்.

ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட்டால் தங்களுக்கு இத்தனை நாளாக ஒன்றும் கிடைக்கவில்லை என்று ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ. ஏதோ வரவேண்டியது தாமதமாக வந்துசேர்ந்த மாதிரி, கிண்ணத்தோடும் தேய்ந்த பல்துலக்கிப் பிரஷ்ஷோடும் பழைய துணியோடும் வந்து என் வாசலில் வரிசையில் நின்றார்கள், முன்னால் நிற்பவரின் முட்டியைப் பார்த்து "உனக்கு எதுக்கு, உனக்கு நல்லாத்தானே இருக்கு" என்று சண்டை போட்டார்கள், வெள்ளிக்கிழமைக்குள் நாற்பத்தேழு பேருக்கு முட்டி சரியாகிவிட்டது.

நாற்பத்தேழு பேர் என்றால் ஒரு கமிட்டி வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் முத்திரை குத்திவிட்டு ஓய்வுபெற்ற இருதயராஜ் கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டு தலைவரானார். காலையில் பெண்கள், மாலையில் ஆண்கள். ஒரு முட்டிக்கு உப்புக் கரண்டியில் ஒன்று. வண்டி ஓடினால்தான் ஒழுகுகிறது, நின்றால் ஒழுகவில்லை என்பதால் ஜெரோம் ஒருநாளும் லீவு எடுக்கக்கூடாது. வண்டி இனிமேல் எங்கள் வாசலில் நிற்காமல் சூசையப்பர் கோயிலுக்கு முன்னால் பந்தல் போட்டு அதற்கடியில் நிற்க வேண்டும். கடைசியாக ஒரு சட்டம் போட்டார்கள், அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்: எண்ணெய் தேய்த்த முட்டியைத் தரையில் ஊன்றினால் குணம் தேய்ந்துபோகும், ஆகவே குணமானவர்கள் யாரும் பூசையில் முழந்தாள்படியிடக் கூடாது. வலித்தபோது வலியால் முழங்காலிடாதவர்கள், வலி போனதும் சட்டத்தால் முழங்காலிடவில்லை.

ஆனால் மற்ற எல்லாவற்றுக்கும் அந்த முட்டிகள் பயன்பட்டன. பெரியவர்கள் அடுத்தவன் தோட்டத்துப் பிளம்ஸ் மரத்தில் ஏறினார்கள். இருதயராஜ் தன் தம்பி நிலத்தின் வரப்பில் காலையும் மாலையும் குதித்துக் குதித்து நடந்தார், நடக்க நடக்க வரப்பு தம்பி பக்கமாக நகர்ந்தது. மூன்று வருஷமாகப் படுக்கையில் கிடக்கும் அந்தோணிக்கண்ணை ஒருத்தராவது இரண்டு தெரு தள்ளிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்களா என்றால், இல்லை. அவருக்கு ஒரு கரண்டி எண்ணெய் எடுத்துப்போகலாமே என்று நான் கேட்டதற்கு, "வரிசையில அவரு வந்து நிக்கணும்ல" என்றார்கள்.

பங்குச்சாமியார் மாதம் ஒருமுறை வருகிறவர். வந்தார், குனிந்து பார்த்தார், "மேலிடத்துக்கு எழுதுறேன்" என்றார். போகும்போது ஒரு சின்னப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார். "எங்க அம்மாவுக்கும்மா" என்றார். சரி சாமி என்றேன். அம்மாவுக்கு என்றால் நான் என்ன சொல்வது.

நான் தேய்க்கவில்லை. என் முட்டியும் வலிக்கிற முட்டிதான், மழை வருவதை ரேடியோவுக்கு முன்னால் சொல்லும் முட்டி. ஆனால் அது என் மகனின் சக்கரத்துக்குள் இருக்க வேண்டிய எண்ணெய். அவனைப் பத்திரமாக இறக்கி ஏற்றுவதற்காக அங்கே ஊற்றியது. அதை எடுத்து நான் என் காலில் தடவிக்கொண்டு, அவன் மலை இறங்கும்போது கையில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தால் ஆண்டவர் என் முகத்தைப் பார்ப்பாரா?

சனிக்கிழமை சொன்ன சொல் தவறாமல் காஜா பாய் சட்டைப்பையில் புது சீல் ஒன்றை வைத்துக்கொண்டு ஏறி வந்தார். பந்தலுக்கு முன்னாலேயே இருதயராஜ் விசிலை ஊதினார்.

"பாய், இது ஊர்க்காரியம். இதுல நீங்க கை வைக்கக் கூடாது."

"நான் வண்டிக்காரியம்னு நெனச்சு வந்தேங்க."

"அதெல்லாம் போன வாரம்."

பாய் ஜெரோமைப் பார்த்தார். ஜெரோம் தரையைப் பார்த்தான். என் மகன் நல்லவன், ஆனால் கழுத்தில் ஒரு மாலை விழுந்தால் அந்தக் கழுத்து நிமிராது. முதல் திருவிருந்து வாங்கிய நாளிலிருந்தே அப்படி. சந்தையிலிருந்து திரும்பும்போதெல்லாம் ஊர் எல்லையில் அவனுக்குக் கைதட்டினார்கள். "ஊரு சொல்லுதும்மா" என்றான் என்னிடம். ஊர் சொல்கிறதாம். ஊரா பிரேக் போடப்போகிறது?

அடுத்த புதன்கிழமை மத்தியானம் அவன் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்தான். என்னடா என்றேன். அப்புறம்தான் சொன்னான். முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு போகும்போது ஒன்பதாம் வளைவில் பிரேக்கை மிதித்திருக்கிறான், வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய்த் தடுப்புச்சுவரில் பக்கவாட்டில் உரசி, அந்த உரசலில்தான் நின்றிருக்கிறது. இரண்டு மூட்டை பள்ளத்தில் போய்விட்டது. "கோசு உருண்டு போற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சும்மா, நிக்கவே இல்ல" என்றான். முப்பத்தாறு வயது மகன் அதைச் சொல்லும்போது என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது அவனுக்கே தெரியவில்லை.

நான் கையைக் கழுவிவிட்டுப் பந்தலுக்குப் போனேன். கமிட்டி முழுவதும் சப்பரத் திருவிழாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. சொன்னேன். பிரேக் பிடிக்கவில்லை, சீல் மாற்றாவிட்டால் என் பிள்ளை எனக்கு இல்லை என்று சொன்னேன்.

"சலேத்தக்கா" என்றார் இருதயராஜ், குழந்தைக்குச் சொல்வதுபோல, "நீங்க மூணு வேளையும் செபம் சொல்றவுக. இத்தனை பேரைக் குணமாக்குற எண்ணெய், சொமந்துக்கிட்டு வர்ற வண்டியவா கவுத்துரும்?"

"அது முட்டிக்குத்தான் குணம் தருது தம்பி, பிரேக்குக்குத் தரல."

"விசுவாசம் வேணும்க்கா."

"மதினிக்கு எப்பவுமே கொஞ்சம் வயித்தெரிச்சல்" என்றாள் திரேசம்மாள், பந்தக்காலில் ஏறித் தோரணம் கட்டிக்கொண்டே. "அவுக முட்டி மட்டும் இன்னும் வலிக்குதுல்ல, அதான்."

என்னிடம் விசுவாசம் இல்லை என்று சொன்ன ஊர் அது. அதோடு விடாமல் திருவிழா ஏற்பாட்டையும் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை திருவிழாப் பூசை முடிந்ததும் இந்த வருஷம் சூசையப்பர் சுரூபத்தைத் தோளில் தூக்கப்போவதில்லை. ஜெரோமின் வண்டியில் ஏற்றி, குணமானவர்களில் முப்பது பேர் கூடவே ஏறி, மூன்று வளைவு இறங்கிக் குகைக்கோயிலான கீழ்க்கெபிவரை போகப்போகிறார்கள். நாற்பத்தேழு ஜோடி புது முட்டி, சுரூபத்தைத் தூக்க ஒரு ஜோடி இல்லை. வழியெல்லாம் எண்ணெய் தாராளமாக ஒழுக வேண்டும் என்பதற்காக, ஆக்சில் பெட்டியின் மூடியைத் திறந்து கழுத்துமட்டும் ஊற்றி நிரப்பி, அது வீணாகாமல் ஞாயிறுவரை வண்டியை எடுக்கக்கூடாது என்று வைத்துவிட்டார்களாம். அதுமட்டுமில்லை, பெட்டிக்கு மேலே சின்னதாக ஒரு துவாரம் இருக்கிறது, அதுவழியாகச் சக்தி வீணாகப் போகிறது என்று கண்டுபிடித்து, கெபியில் எரிந்த மெழுகுதிரிகளின் மெழுகைச் சேர்த்து உருக்கி அதை அடைத்துவிட்டார்களாம். செபம் சொல்லிக்கொண்டே அடைத்தார்களாம்.

நான் இரண்டு வளைவு நடந்து இறங்கிக் காஜா பாயிடம் போய் இதைச் சொன்னபோது அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அம்மா, அந்த ஓட்டைதான் பெட்டிக்கு மூக்கு. ஓடும்போது உள்ள சூடாகும், காத்து உப்பும். மூக்க அடைச்சா அம்புட்டு ஆயிலையும் சீல் வழியாத்தான் துப்பும், நேரா பிரேக்குல. முப்பது பேரு ஏறுனா..." கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "நான் வந்தா அடிப்பாங்கம்மா. என் கடைக்கும் தீ வெப்பாங்க" என்றார்.

"ஞாயித்துக்கிழமை பூசை ரெண்டு மணி நேரம் பாய். பிரசங்கம் பண்ண வெளியூர்ச் சாமி வர்றாரு, அவரு சுருக்கா முடிக்க மாட்டாரு. குணமானவங்களுக்கு முன்வரிசை போட்டிருக்கு, ஒருத்தர் விடாம உள்ளதான் இருப்பாங்க. நீங்க மட்டும் வாங்க. கைக்கு ஆள் நான் இருக்கேன்."

"நீங்க பூசைக்குப் போகலையா?"

கல்யாணமாகி வந்த நாற்பது வருஷத்தில், பிள்ளை பெற்ற இரண்டு ஞாயிறு தவிர, நான் பூசையைத் தவறவிட்டதில்லை. அதுவும் திருவிழாப் பூசை. "சூசையப்பரும் தச்சரு, கையில உளி பிடிச்சவரு பாய்" என்றேன். "அவரு கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை பாட்டுப் பூசை தொடங்கி, ஊர் முழுவதும் உள்ளே போய், வாசலில் செருப்புகள் மட்டும் காவலிருந்தபோது, நாங்கள் பந்தலுக்கடியில் போனோம். பாய் முன்சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்தார். ஜாக்கியை நான் மிதித்தேன், என் முட்டி ஒவ்வொரு மிதிக்கும் ஒரு வார்த்தை சொன்னது, நான் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஓர் அருள் நிறைந்த மரியே சொன்னேன். சக்கரம் கழன்றது. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே பிரேக் கட்டைகள் பாயசத்தில் விழுந்த வடை மாதிரி ஊறிக் கிடந்தன. பாய் அதைப் பார்த்து அல்லாவை அழைத்தார். நானும் அழைத்தேன், நான் அழைக்கிற பெயரில்.

ஆக்சில் தண்டை அவர் உருவி எடுத்தபோது அதன் பின்னாலேயே கமிட்டி ஊற்றியிருந்த எண்ணெய் குபுகுபுவென்று வந்தது. தகர டின்னைக் கீழே வைத்துப் பிடித்தேன். பழைய சீல் வளையத்தைத் திருப்புளியால் நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் போட்டார். உதடு கிழிந்து, சுருண்டு, கிழவியின் வாய் போல இருந்தது. இதற்காகவா விசில், இதற்காகவா கமிட்டி என்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே பிரசங்கத்தில் வெளியூர்ச் சாமி, இந்த ஊரின் விசுவாசம் மலையைப் பெயர்க்கும் என்றார். பாய் மண்ணெண்ணெய்த் துணியால் டிரம்மைத் துடைத்தார், வேறு வண்டியிலிருந்து எடுத்துவந்த நல்ல கட்டைகளை மாட்டினார், புது சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, வாயில் வைத்து, அதன்மேல் ஒரு பழைய பேரிங் வளையத்தை வைத்துச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினார். கோணலாக உட்கார்ந்தால் மறுபடி ஒழுகும் என்றார். டொங், டொங், டொங். உள்ளே எல்லாரும் முழங்காலிட வேண்டிய எழுந்தேற்ற மணி அடித்தது. நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். முன்வரிசையில் ஒருத்தரும் முழங்காலிடவில்லை. வெளியே சிமெண்டுத் தரையில் நான் வலிக்க வலிக்க முழங்காலிட்டிருந்தேன், காஜா பாய்க்கு டார்ச் பிடித்துக்கொண்டு.

துவாரத்தில் இறுகியிருந்த மெழுகு மட்டும் எதற்கும் வரவில்லை. என் சங்கிலியில் தொங்கிய ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். பாய் குத்தி எடுத்ததும் பெட்டி புஸ்ஸென்று மூச்சு விட்டது, இத்தனை நாள் மூச்சைப் பிடித்திருந்த மாதிரி. தண்டை உள்ளே செருகி, அளவாகப் புது எண்ணெய் ஊற்றி, டிரம்மையும் சக்கரத்தையும் மாட்டி, கடைசி நட்டை இறுக்கும்போது நன்றிக் கீதம் பாடிக்கொண்டிருந்தார்கள். "போங்க பாய்" என்றேன். அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கி மறைந்தார்.

நான் போகவில்லை. பொய் சொல்கிற பழக்கம் எனக்கில்லை. வெளியே வந்தவர்களிடம், "சீல் மாத்தியாச்சு. பிரேக் பிடிக்கும். பெட்டியில இருந்த எண்ணெய் அந்த டின்னுல இருக்கு, ஊருக்கு வேணும்னா எடுத்துக்குங்க" என்றேன்.

டின்னுக்காக அடித்துக்கொண்டார்கள். கைமுட்டி, கால்முட்டி, கழுத்து என்று பூசிக்கொண்டு காத்திருந்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஒழுகிய எண்ணெயில்தான் குணம் இருந்தது, பிடித்து வைத்ததில் எண்ணெய்தான் இருந்தது. திரேசம்மாள் என்னைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். என் புருஷன் உயிரோடு இருந்தால் என்னை வெட்டிப் போட்டிருப்பார் என்றாள். அவள் அண்ணன் ஒரு கோழியை வெட்டவே கண்ணை மூடினவர் என்பது அவளுக்கும் தெரியும்.

இருதயராஜ்தான் விசிலை ஊதி எல்லாரையும் அடக்கினார். "அற்புதத்த ஒரு ரப்பர் வளையம் நிறுத்திருமா? வண்டி ஓடட்டும், தன்னால ஒழுகும். ஏறுங்க!" என்றார். எட்டு நாளைக்கு முன்னால் அதே ரப்பர் வளையத்துக்குப் பயந்து பாயை விரட்டியவர். சுரூபத்தை ஏற்றினார்கள். முப்பது பேர் என்று சொன்ன இடத்தில் முப்பத்தெட்டுப் பேர் ஏறினார்கள். ஏறியவர்கள் அத்தனை பேரும் இடது பக்கமே நெருக்கிக்கொண்டு, சக்கரம் ஒழுகுகிறதா என்று எட்டிப் பார்த்தபடி நின்றார்கள். வண்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்தது.

ஜெரோம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நான் பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தேன்.

"அம்மா, நீ எறங்கு."

"எடுடா வண்டிய."

"இம்புட்டுப் பேரோட..."

"அதுக்குத்தான் மாத்தியிருக்கு. எடு."

முதல் வளைவில் மெதுவாக இறங்கினோம். பின்னால் பாட்டுச் சத்தம், நடுநடுவே "ஒழுகுதா?", "இன்னும் இல்ல", "ஒழுகும், ஒழுகும்" என்று சத்தம். இரண்டாம் வளைவுக்கு முன்னால் சரிவு செங்குத்தாகும் இடம், இடது பக்கம் தடுப்புச்சுவர் போன மழையில் விழுந்து இன்னும் கட்டாத இடம். அங்கே திரும்பியபோது கீழேயிருந்து மினிபஸ் ஒன்று ஹாரன் கூட அடிக்காமல் எங்கள் பக்கத்திலேயே ஏறி வந்தது. ஜெரோமின் கால் பிரேக்குக்குப் போனது, நான் பார்த்தேன். என் காலும் அவன் காலோடு சேர்ந்து வெறும் தகரத்தை மிதித்தது.

வண்டி நின்றது. வழுக்கவில்லை, இழுக்கவில்லை, நின்ற இடத்தில் நின்றது. பஸ்ஸின் முகத்துக்கும் எங்கள் முகத்துக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது, இடது சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் அதைவிடக் குறைவாக இருந்தது. பின்னால் முப்பத்தெட்டுப் பேரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து விழும் சத்தம் கேட்டது.

"ஏன்டா, வண்டி ஓட்டத் தெரியுமா தெரியாதா?" என்று இருதயராஜ் கத்தினார். "இப்படியா சடக்குன்னு போடுவ? விசில் வாயிக்குள்ள போயிருச்சு!"

"எல்லாம் இந்த மதினியால வந்தது!" என்றாள் திரேசம்மாள். "முன்னெல்லாம் எம்புட்டு அலுங்காம வழுக்கிக்கிட்டுப் போகும்!"

ஜெரோம் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை, கை இரண்டும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. நான் அவன் கைமேல் கையை வைத்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, "எல்லாரும் இருக்கீகளா?" என்று கேட்டேன்.

"இருக்கோம்" என்றார்கள், கோபமாக.